சீக்கா, சாவா

தங்கபுஷ்பம் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். புருஷன் கனகராஜ் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அபிராமபுரத்து ஒற்றை அறை வீட்டில் அவளும் மாமியார் சண்முகவடிவும் மட்டும்தான்.

எழுபத்தொன்றில் ஒரு மத்தியானம் கடைக்கு போன் வந்தது. கப்பல் ஏஜெண்டு ஆபீசிலிருந்து யாரோ இங்கிலீஷில் பேசினான். லைனில் ஒரே இரைச்சல். முதலாளி ராஜரத்தினம் போனை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"கனகராஜுக்கு உடம்பு சரியில்லையாம்மா. டிஸீஸ்டுன்னு சொல்லுதான். உன்னை ஆபீசுக்கு வரச் சொன்னான்."

"என்ன சீக்காம், அண்ணாச்சி?"

"கேக்குறதுக்குள்ள லைன் போயிட்டு."

சண்முகவடிவு அன்றைக்கே திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மறுநாள் தங்கபுஷ்பம், துவைத்த வேட்டி இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு பீச் ஸ்டேஷன் பக்கம் இருந்த அந்த ஆபீசுக்குப் போனாள்.

"போன்ல டிஸீஸ்டுன்னு சொன்னாவளாம். எந்த ஆஸ்பத்திரி சார்? நான் போய்ப் பாக்கலாமா?"

குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். "டிஸீஸ்டுன்னா நோயாளிம்மா. நாங்க சொன்னது டிசீஸ்டு, காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும். இறந்தவர்." கனகராஜ் கப்பல் ஏணியிலிருந்து விழுந்தானாம். ஈராக்கில், பாஸ்ரா துறைமுகத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

சண்முகவடிவு அதை ஏற்கவே இல்லை. ராஜரத்தினம் வீடு தேடி வந்து, "ஆச்சி, தப்பாக் கேட்டவன் நான்தான்" என்று கையைப் பிடித்து அழுதார்.

"மொதல்ல கேட்டதுதான் சரி. சீக்குன்னுதான சொன்னாவ? தேறி வந்துருவான்."

தினமும் காலையில் தன் கையாலேயே மருமகளுக்குப் பொட்டு வைத்து அனுப்புவாள். தங்கபுஷ்பம் தெருமுனையில் அதைத் துடைத்துக்கொள்வாள். கடையில் எல்லாருக்கும் விஷயம் தெரியுமே. சாயங்காலம் திரும்பும்போது மறுபடி வைத்துக்கொள்வாள். இரண்டு இடத்திலும் பொய் சொல்வதுபோல் கூசியது. அழவும் இடமில்லை.

இப்படியே வருஷம் திரும்பியது. ஒருநாள் அவள் வெறும் நெற்றியோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஏளா, பொட்டு எங்க?"

"என்னால முடியல அத்தை. அவுக செத்துட்டாவ."

சண்முகவடிவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாளும் சோறு தொடவில்லை. தங்கபுஷ்பம் கடைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்கையில் கிழவி திரும்பாமலே கேட்டாள்:

"மண்ணுல வச்சாவளா, கடல்ல போட்டாவளா?"

"மண்ணுலதான் அத்தை."

அப்புறம்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள். ஆடி அமாவாசைக்குப் பட்டினப்பாக்கம் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். மணலில் திரும்பி நடக்கையில், மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.