எழுத்தென்று தள்ளிய பதினான்கு வயல்கள்

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, ஒரு கரும்பு ஆலைக்கு வெட்டு வரிசைப் பட்டியல் எடுத்துக்கொடுத்தேன். எந்த வயலை எப்போது வெட்டுவது என்பதை அந்தப் பட்டியல்தான் முடிவு செய்யும். தப்பு ஆலையுடையதல்ல, என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வயல் சுற்றும் ஊழியர்கள் கைபேசியில் விவரங்களைப் பதிவார்கள். ஒரு வயலின் விவரமெல்லாம் ஒரே மூட்டையாக வந்து விழும். மூட்டைக்குள் யார் எதை வைத்தாலும் தரவுத்தளம் வாங்கிக்கொள்ளும். அதனால் கணக்கிடும் முன், ஒவ்வொரு மதிப்பையும் நீ எண்ணா, எழுத்தா, வெற்றா என்று, தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்.க்யூ.எல்லில் ஒரு வரி போட்டுக் கேட்க வேண்டும். கேட்டேன். பயிரின் வயது என்ற இடத்தில் எல்லாம் எண். பதினான்கு வயல்களுக்கு மட்டும் எழுத்து. எண் அல்லாததைத் தள்ளு என்று இன்னொரு வரி சேர்த்தேன். பட்டியல் சுத்தமாக வந்தது. அன்று எனக்குப் பெருமை வேறு.

பங்குனியில் ஆலையிலிருந்து விசாரித்தார்கள். பதினான்கு வயல்களுக்கு வெட்டு உத்தரவே போகவில்லையாம். அப்போதுதான் அந்த எழுத்துகளைத் திறந்து படித்தேன். எத்தனை மாதப் பயிர் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் பலர் மாதம் எண்ணிச் சொல்வதில்லை. 'போன தை கிருத்திகைக்கு மறுநாள் நட்டது' என்பார்கள். ஊழியர் அதை அப்படியே அடித்திருந்தார். கிருத்திகை தவறாமல் மலையேறி வளர்ந்தவன் நான். அது எந்த நாள் என்று எனக்குத் தெரியாதா? படித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. சோம்பேறித்தனம், வேறென்ன.

அந்தப் பதினான்கில் ஒன்று, திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு அம்மாவின் ஒன்றரை ஏக்கர். தனி ஆளாக, அந்த ஒரு பயிரை நம்பியே வருஷத்தை ஓட்டுபவர். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். தையிலேயே வெட்டியிருக்க வேண்டிய கரும்பு பூவெடுத்து நின்றது. ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே சக்கையாய்க் காய்ந்திருந்தது. ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டார். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இன்றுவரை வெளிவரவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார்.

"மிஷினுக்கு இன்னாப்பா தெரியும், அது மேல கோச்சிகினு இன்னா பண்றது? நீ பாவம், இவ்ளோ தூரம் வெயில்ல வந்துகீற. குடி."

"ஆங்" என்று சொல்லி, வாங்கிக் குடித்தேன்.