கரையாது என்று சொன்ன கணினி

நான் பிடிவாதக்காரி. என் அண்ணை இதைக் குறையாகத்தான் சொல்வார். ஆனால் பாரிசில் நான் தப்பிப் பிழைத்தது அதனால்தான்.

ஒரு மருந்து ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஒரு மூலக்கூறின் அமைப்பை மட்டும் பார்த்து, அது தண்ணீரில் கரையுமா என்று கணினியைச் சொல்லவைக்க வேண்டும். மாத்திரை வயிற்றில் கரைந்தால்தான் இரத்தத்தில் சேரும்; கரையாவிட்டால் எவ்வளவு நல்ல மருந்தும் வீண். யார் யாரோ கரைத்துப் பார்த்து எழுதிவைத்த முடிவுகளைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினேன். பிறகு அது பார்த்திராத மூலக்கூறுகளைக் கொடுத்துச் சோதித்தேன்.

முதல் சோதனையில் வெளுத்து வாங்கியது. எனக்குச் சந்தேகம் தட்டியது. பழக்கக் கொடுத்தவையும் சோதிக்கக் கொடுத்தவையும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். அண்ணனைத் தெரிந்தவனுக்குத் தம்பியை அடையாளம் காண்பது பெரிய காரியமா? சில குடும்பங்களை முழுதாக ஒளித்துவைத்து மறுபடி சோதித்தேன். கணினி படுத்துவிட்டது. திரும்பப் பழக்கினேன், திரும்ப விழுந்தது. விடாமல் பழக்கப் பழக்க மெல்ல எழும்பியது.

அதற்குள் என் ஒப்பந்தம், பிரெஞ்சில் 'கொந்திரா', முடியும் தறுவாய். மூலக்கூறுகளைச் செய்யும் வேதியியலாளர் கணினியை நம்பினால்தான் புது ஒப்பந்தம் என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். ஒப்பந்தம் இல்லாவிட்டால் வதிவிட அட்டையும் இல்லை. பிரான்சை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வேதியியலாளர் தலை நரைத்த பிரெஞ்சுப் பெண்மணி. "ஒன்றே ஒன்றைச் செய்துபார்க்கிறேன். எது என்று நீங்களே சொல்லுங்கள்," என்றார்.

நிச்சயம் கரையக்கூடிய ஒன்றைக் கொடு என்று கூட இருந்தவர்கள் புத்தி சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லக் கணினி எதற்கு? அந்தப் பெண்மணி தாமே வரைந்து, ஆசையாக வைத்திருந்த மூலக்கூறையே காட்டினேன்.

"இது கரையாது என்கிறது."

அவர் சிரித்தார். "இவ்வளவு ஒட்சிசன் இருக்கிறதே! அவை தண்ணீரைக் கைகோத்துப் பிடித்துக்கொள்ளும்; கண்டதும் கரைந்துவிடும்."

"செய்து பாருங்கள், மதாம்."

அவர் செய்து முடிக்கும்வரை நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நான் அண்ணையோடு இருந்தேன். அங்கேயே ஓர் உணவகத்தில் அண்ணை சமையல்காரர். மருந்து கரைய வேண்டும், என் வேலை அதில் தொங்குகிறது என்று மட்டும் அவர் விளங்கிக்கொண்டிருந்தார். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"யோசியாதை பிள்ளை. மருந்து கரைஞ்சால் தேருக்குத் தேங்காய் உடைக்கிறன் எண்டு பிள்ளையாருக்கு நேந்திட்டன்," என்றார்.

ஒருவழியாக அந்த மூலக்கூறு தூளாகத் தயாரானது. அந்தப் பெண்மணி அதைத் தண்ணீரில் போட்டு, குலுக்கும் கருவியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை குப்பியின் அடியில் வெள்ளையாக அப்படியே படிந்திருந்தது. எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

தாம் வரைந்த மூலக்கூறின் படத்தை எடுத்துப் பார்த்தார். "ஒட்சிசன்கள் பக்கத்திலிருக்கும் ஐதரசன்களைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீருக்குக் கொடுக்கக் கை மிச்சமில்லை," என்று தமக்கே சொல்லிக்கொண்டார். பிறகு இன்னொரு மூலக்கூறின் படத்தை என் பக்கம் தள்ளினார். "இதைத் தொடங்குமுன் உங்கள் கணினியைக் கேட்டுச் சொல்லுங்கள்."

அன்று மாலை நேரே உணவகத்தின் சமையலறைக்குள் போனேன்.

"கரைஞ்சதோ?"

"கரையேல்லை, அண்ணை!"

அகப்பையை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "பரவாயில்லை பிள்ளை. வேறை வேலை பாப்பம்."

"கரையாது எண்டுதானே கணினி சொன்னது! அதுதான் சரி. எனக்குப் புதுக் கொந்திரா தருகினம்!"

அவர் திகைத்துப்போனார். "ஐயோ, நான் கரையோணும் எண்டெல்லோ கேட்டனான்!"

"நல்ல காலம், பிள்ளையார் உங்கடை பேச்சைக் கேக்கேல்லை."

பிள்ளையாரின் தேர்த் திருவிழா அன்று லாச்சப்பல் வீதியில் சனத்துக்கு நடுவே அண்ணை தேங்காயோடு நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கேட்டது நடக்கேல்லையே, பிறகேன் உடைக்கிறியள்?"

"மருந்து எக்கேடும் கெடட்டும்," என்று அவர் தேங்காயை ஓங்கினார். "நீ இஞ்சை நிக்கிறாயெல்லோ."