பருத்திப் பூ நாற்காலி

எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலி, டவுனில் மிஷன் பங்களாவைக் காலி செய்துகொண்டு வெள்ளைக்கார அம்மா ஒருவர் சீமைக்குப் போனபோது வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுப் போனது. திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசல்காட்டு ஊரில், சபைப் பள்ளிக்கூடத்துக்கு அப்பா வாத்தியார். அருப்புக்கோட்டைக்குப் பருத்தி ஏற்றிப்போன வண்டி திரும்பி வரும்போது அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கியது. பிரம்பு பிய்ந்து நடுவில் பெரிய ஓட்டை. ஒரு கை பிளந்திருந்தது. கால்களின் அடியைக் கரையான் தின்றிருந்தது. அப்பா அதை உள்ளே மூலையில் போட்டு அதன் மேல் கம்பு மூட்டையை வைத்தார். மூட்டை ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். ஒருநாள் அம்மா மூட்டையை இறக்கிவிட்டு நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

“எதுக்கு இம்புட்டு மெனக்கெடு? மூலையில கிடக்கப் போறதுக்கு” என்றார் அப்பா.

“மூலையில கிடக்கிறது அழகாத்தான் கிடக்கட்டுமே” என்றாள் அம்மா.

டவுனில் சாயப்பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, கால்களின் அரித்த பகுதியை அறுத்துச் சமமாக்கிக் கொடுத்தார். நாற்காலி சற்றுக் குட்டையாகிவிட்டது. அம்மா உடைந்த கண்ணாடிச் சில்லால் பழைய மெருகைச் சுரண்டினாள். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி, மரத்தூளைச் சேர்த்துப் பிசைந்து வெடிப்புகளை அடைத்தாள். உலகச் சண்டை நடந்த காலம், பெயின்ட் கண்ணில் படாது. மாமா பந்தல்குடியில் வண்டிச் சக்கரங்களுக்கு வர்ணம் அடிப்பவரிடம் கெஞ்சி, டப்பாவின் அடியில் கிடந்த பச்சையும் கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும் வாங்கி வந்தார். பட்டறையில் சாயம் திட்டுத்திட்டாக ஏறிப்போன கழிவு நூலும் ஒரு பொதி கொண்டுவந்தார்.

அந்த நூலைக் கயிறாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். மறுநுனியிலிருந்து அம்மா முறுக்கிக்கொண்டே வருவாள். பிடி தளர்ந்தால் எல்லாம் சுருண்டுவிடும். கை சிவந்து எரிந்தாலும் நான் விடவில்லை. பிரம்பு இருந்த இடத்தில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகப் பின்னல் விழுந்தது.

கடைசியில், நுனி நசுக்கிய ஈச்சங்குச்சியால் சாய்மானத்தில் பூ வரைந்தாள். ரோஜா வரையச் சொன்னேன். “ரோசாவ நான் எங்க பாத்தேன்?” என்று சொல்லிவிட்டுப் பருத்திப் பூ வரைந்தாள். மஞ்சள் இதழ்கள், உள்ளே அடர்சிவப்பு. பச்சைப் பலகையில் அவை அப்போதுதான் விரிந்த மாதிரி இருந்தன.

“மச்சான் இதுல உக்காந்தா கிரீடம் ஒண்ணுதான் பாக்கி” என்றார் மாமா. அப்பா சிரித்தார். ஆனால் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா அதைக் கொல்லை வெயிலில் காயப்போட்டாள். சாயங்காலம் நான் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒட்டவில்லை. இவ்வளவு அழகை ஊர் பார்க்க வேண்டாமா? தள்ளியும் இழுத்தும் அதைத் தெரு வாசலுக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அப்பா தெருவிலேயே நின்றுவிட்டார்.

“யாரு தாயி இத வெளிய வச்சது?”

“நாந்தான்ப்பா. எல்லாரும் பாக்கணும்ல.”

“உள்ள எடுத்துட்டுப் போ. மேலத்தெருக்காரவுக காட்டுல இருந்து வர்ற நேரம்.”

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“இருக்கட்டும். உக்காருங்க” என்றாள்.

“வேணாம்.”

“இதுக்காக உங்க மக கையப் பாத்தீகளா?”

நான் கைகளை விரித்துக் காட்டினேன். அப்பா என் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார், அதுவும் விளிம்பில். அதற்குள் தெருமுனையில் மேலத்தெருப் பெரியவர் வந்துவிட்டார். சுற்றியுள்ள புஞ்சையெல்லாம் அவருடையது. அப்பாவின் கால்கள் எழுந்திருக்கத் தரையில் ஊன்றின. அம்மா சட்டென்று என்னைத் தூக்கி அவர் மடியில் உட்காரவைத்தாள். கயிறு முறுக்கியதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்தேன். என் முதுகில் அப்பாவின் நெஞ்சு படபடவென்று அடித்தது. வேகமாக நடந்து வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

பெரியவர் நின்றார். “என்ன வாத்தியாரே, சொகமா உக்காந்தாச்சு?”

“ஆமா! எங்கம்மா பூப்போட்டது. அப்பா, கொஞ்சம் குனிங்கப்பா, பூவ மறைக்கிறீக!” என்று கத்தினேன்.

அப்பா குனியவில்லை. முதல்முறையாக நன்றாகப் பின்னால் சாய்ந்தார்.

“ஆமாய்யா. சாயங்காலக் காத்து நல்லா இருக்கு. உக்காந்திருக்கேன்.”

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பூவைப் பார்த்துப் பேச்சு வராமல் போனார் என்றுதான் அன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன்பின் சில நாள் மேலத்தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நாற்காலி மேல் பொறாமை என்று நினைத்தேன். எங்கள் தெருப் பெண்களைப் பருத்தி எடுக்கக் கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அவர்கள் அடுப்பைப் பற்றி நான் நினைக்கவில்லை. ஆனால் வெடித்த பருத்தி எவ்வளவு நாள் செடியில் நிற்கும்? ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அப்பா ஒரு சாயங்காலம்கூட விடாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

மேலத்தெருக்காரர்கள் கடந்து போகையில் எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதும், அதற்கு முன் யாரும் உட்கார்ந்ததில்லை என்பதும் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் கண்டதெல்லாம் வேறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கால் ஒடிந்த முக்காலி, ஆடுகிற பெஞ்சு, பழைய பெட்டி என்று எதையாவது தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்கள். அம்மா மிச்சமிருந்த வர்ணத்தைத் தொட்டுத் தொட்டு எல்லாவற்றுக்கும் பூப் போட்டுக் கொடுத்தாள். அவற்றை வாசலில் போட்டு, முதுகு நிமிர்ந்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். எங்கம்மா வரையும் பூ மேல் ஊருக்கே ஆசை வந்துவிட்டது என்று பெருமையில் பூரித்துப்போனேன்.