மாராப்பை மாற்றிப் போட்டு எடுத்த படம்

"இது அவ இல்ல பாயி."

வெள்ளையன் படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆலங்காயத்திலிருந்து அதைச் சுமந்துகொண்டு மலையேறி வந்த எனக்குக் கால் வலியெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. முந்தின முறை இதே மனிதர் இதே முகத்தைக் கேமராவுக்குள் பார்த்து, "அவளேதான்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தவர்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

1. சந்தையில்

ஐம்பதுகளின் கடைசி. வாணியம்பாடியில் என் மாமுவின் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. சந்தை நாளில் ஆலங்காயத்துக்கு வந்து, புளியமரத்தில் ஒரு நீலத் துணியைக் கட்டிப் படம் எடுப்பேன். ரெட்டை லென்ஸ் கேமரா, நூற்று இருபது நம்பர் பிலிம். படம் சதுரமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் வரும். படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் எங்களிடம் கிடையாது. நெகட்டிவையும் பேப்பரையும் ஒட்ட வைத்து, கான்டாக்ட் பிரிண்ட்தான் போடுவோம்.

ஒரு நாள் மலையிலிருந்து தேன் விற்க வந்த பெண் நீலத் துணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாயி, செத்தவங்கள போட்டா புடிப்பீங்களா?"

"புடிப்பேம்மா. எப்ப தவறினாங்க?"

"போன வருசம்."

விளையாடுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. "அப்புறம் எப்டிம்மா புடிக்கறது?"

"நா கீறேனே. நாங்க ரெட்டப் பொறப்பு."

அவள் பெயர் சின்னப்பொண்ணு. இறந்தவள் அக்கா பெரியபொண்ணு. அக்காவின் கணவர்தான் வெள்ளையன். அறுப்பு முடிந்ததும் இவளுக்கு மலையின் அந்தப் பக்கத்து ஊரில் கல்யாணம்.

"மாமா என் மூஞ்சியப் பாத்தாருன்னா பேச்சு நின்னுடுது பாயி. சோத்த வெச்சாலும் தட்டப் பாத்துதான் பேசறாரு. ஊர்ல நாலு பேரு என்னையே கட்டிக்கச் சொல்றாங்க. எனக்கு வாணாம். அவருக்கும் வாணாம். அவள ஒரு காயிதத்துல குடுத்துட்டுப் போனேன்னா, என் மூஞ்சி எனக்குத் திரும்பி வந்துடும்."

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? வருகிறேன் என்றேன்.

2. கண்ணாடிக்குள்

நான் போன காலையில் மலை முழுக்க மூடுபனி. வீடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்து ஒவ்வொன்றாக மறைந்தன. ஆடு கத்துகிறது, ஆட்டைக் காணோம்.

இந்தக் கேமராவைக் கண்ணில் வைக்க மாட்டோம். வயிற்றோடு அணைத்து, குனிந்து, மேலே இருக்கும் சொரசொரப்பாகத் தேய்த்த கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் தெரிவது போல இன்றுவரை நான் எதையும் பார்த்ததில்லை. சாமை வயல் அசைகிறது, பனி நகர்கிறது, எல்லாம் நிறத்தோடு, சத்தமில்லாமல். ஒரே ஒரு கோளாறு, இடம் வலமாகத் தெரியும். வலப்பக்கம் நடக்கிறவள் கண்ணாடிக்குள் இடப்பக்கம் போவாள். எங்களுக்கு அது பழகிவிட்டதால் கோளாறு என்பதே மறந்துபோயிருக்கும்.

ஊரே வரிசையில் நின்று குனிந்து பார்த்தது. நிமிரச் சொன்னால் யாருக்கும் மனசில்லை, எனக்கும்தான். கடைசியாக வெள்ளையன் வந்தார். எதிரே சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"அவளேதான். சிரிக்கறா பாரு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

3. மாமுவின் கோபம்

அன்று எடுத்த படத்தைத்தான் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன், அதைத்தான் அவர் வேண்டாம் என்றார். நான் விழித்துக்கொண்டு நின்றபோது சின்னப்பொண்ணு படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"மாமா சொல்றது சரிதான் பாயி. இது நாதான். அவளுக்குத் தெத்துப்பல்லு இந்தாண்ட, எனக்கு அந்தாண்ட. கன்னத்துல குழியும் அப்டித்தான். எங்கம்மாவே அத வெச்சிதான் எங்களப் பிரிச்சிச் சொல்லும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் எல்லாமே இடம் வலமாக இருந்திருக்கிறது. கண்ணாடி தங்கையை மாற்றிக் காட்டியதால் அவருக்கு அக்கா தெரிந்திருக்கிறாள். பிரிண்ட் உள்ளது உள்ளபடி வந்து, பாவம், அவரை மறுபடி ஒருமுறை தனியாக்கிவிட்டது.

வாணியம்பாடி திரும்பி, "நெகட்டிவைத் திருப்பிப் போடட்டுமா மாமு?" என்றேன். அவர் கையில் இருந்த தேநீர் சிந்திவிட்டது. நெகட்டிவைப் புரட்டி, எமல்ஷன் என்கிற மருந்துப் பூச்சுப் பக்கம் மாற்றி வைப்பது எங்கள் தொழிலில் அடி வாங்கித் தருகிற தப்பு. சட்டைப் பித்தான் பக்கம் மாறும், வாடிக்கையாளர் கடைக்கே வந்து கத்துவார்.

"இன்னாடா, வேணும்னே தப்பு பண்றியா? எமல்ஷன் பேப்பர்ல ஒட்டலன்னா படம் மங்கிடும், தெரியுமில்ல?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மாமு வெகுநேரம் தாடியைத் தடவினார். பிறகு அவரே கேட்டார்: "பல்லு சரியாய்டும். மாராப்பு? அது வேற தோளுக்குப் போய்டுமே. பொண்டாட்டி எந்தத் தோள்ல போடுவான்னு புருசனுக்குத் தெரியாதா? கண்ணாடில ஒரு நிமிசம் பாத்தப்ப விட்டுருப்பாரு, காயிதத்துல தெனம் பாப்பாரே. போ, திரும்ப எடு. மாராப்ப மாத்திப் போடச் சொல்லு."

மூக்குத்தியைப் பற்றியும் கேட்டார். மலைப் பெண்தானே, இரண்டு பக்கமும் போட்டிருந்தாள்; அதில் மாற ஒன்றுமில்லை.

4. மறுபடியும்

சொன்னபடி சின்னப்பொண்ணு மாராப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். அது அந்தத் தோளில் நிற்கவே மாட்டேன் என்றது. சரிசெய்யப் போகிற கை பழைய தோளுக்கே போய், ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது.

"எனக்கே நா யாரோ மாதிரி கீது பாயி" என்று சிரித்துவிட்டாள். தெத்துப்பல் தெரிந்தது. அழுத்திவிட்டேன்.

டார்க் ரூமில் அந்த நெகட்டிவைத் திருப்பி வைத்தபோது என் விரல் தயங்கியது. டெவலப்பரில் பேப்பர் மிதந்தது. முதலில் பல், பிறகு கண், பிறகு தோள். மாமு சொன்னபடியே படம் மங்கல்தான். பனிக்குள் நின்று ஒருத்தி சிரிப்பது போல வந்தது. நான் ஒருபோதும் பார்த்திராத பெண் அவள்.

வெள்ளையன் அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இந்த முறையும் இல்லை என்றால் சின்னப்பொண்ணு எந்த முகத்தோடு புருஷன் வீட்டுக்குப் போவாள்?

"ஏன் பாயி மங்கலா கீது?"

எமல்ஷன், பேப்பர் என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும். இப்பல்லாம் அவ இப்டித்தான் நெனப்புல வர்றா."

அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், எதிரே இருந்தவளை நேராகப் பார்த்தார். தட்டை அல்ல, தரையை அல்ல, அவளை.

"சின்னப்பொண்ணு, நீ எப்பம்மா கெளம்பற?"

"அறுப்பு முடிஞ்சதும் மாமா" என்றாள். சொல்லும்போதே அவள் கை தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நெகட்டிவைத் திருப்பிப் போடாதே என்று மாமு சொன்னது இன்றைக்கும் சரி. எது நேர்ப் பக்கம் என்பதை மட்டும், அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வாழப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.