நான் இருக்காத உபவாசம்

செக்கிங் மேஜையின் ஓரத்தில், மூடி திறக்கப்படாமல் இருந்த ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் முகம் சுருங்கிப் போகிறது. அதன் பக்கத்தில் ஒரு பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சாத்தியிருந்த ஒரு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவுக்கு உள்ளே இருந்தவன் நான்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். தெற்கே, கடற்கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து இருபது வயதில் திருப்பூருக்கு வந்தவன். வந்த புதிதில் நாங்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். ஷிப்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் மொட்டை மாடியில் முழங்காலிட்டு ஜெபிப்போம். சிமெண்டுத் தரையின் சொரசொரப்பு முட்டியில் அச்சாகப் பதிந்திருக்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட நான் கண்ணீர் விட்டுக் கேட்பேன். கேட்டதும் ஏதோ ஒரு கை தலையில் பட்டதுபோல இருக்கும். கம்பெனியில் எனக்கு ‘ஜெபக்காரர்’ என்று பேர் விழுந்தது அப்போதுதான்.

பேர் நிலைத்தது. ஜெபம்தான் நிலைக்கவில்லை. ஓவர்லாக் தையல் மெஷினிலிருந்து எழுந்து சூப்பர்வைசரானேன், மேனேஜரானேன், சபையில் கமிட்டி உறுப்பினருமானேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்னை ஜெபிக்கச் சொன்னால் வார்த்தைகள் வரிசையாக வந்து நிற்கும். ஏற்ற இறக்கம் தப்பாது. வீட்டில் தனியாக முழங்காலிட்டது கடைசியாக எப்போது என்று கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அது ஒரு நாளில் நின்று போகவில்லை. நின்றுபோனதை நான் கவனிக்கவும் இல்லை.

தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்த அந்த அக்கா சேவூர்ப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய், நெற்றி நிறையத் திருநீறோடு வருகிறவர். பன்னிரண்டு வருடம் என் கீழே வேலை பார்த்தும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“எங்க ஊட்டுக்காரருக்குத் தலைக்குள்ள கட்டிங்க சார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரில வெச்சிருக்கோம். வர்ற திங்கக்கெழமை ஆபரேசன்னு சொல்லிப்போட்டாங்க. நீங்க ஜெபம் பண்ணுனா நடக்கும்னு எல்லாருஞ் சொல்றாங்க. அவருக்காக ஒரு வார்த்தை உங்க சாமிகிட்ட கேளுங்க.”

சுற்றிலும் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. சும்மா ‘ஜெபிக்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். நான் அதோடு நிறுத்தவில்லை.

“கவலப்படாதீங்கக்கா. ஆபரேஷன் வரைக்கும் தெனமும் மத்தியானம் சாப்பிடாம உபவாசமிருந்து, சாம்பிள் ரூம்ல முழங்கால் போட்டு ஜெபிக்கேன்.”

அவர் கண் கலங்கி, கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று மத்தியானம் உண்மையாகவே சாம்பிள் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முழங்காலிட்டேன். இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் போன் அடித்தது. ஷிப்மென்ட் விஷயம். பேசி முடித்தபோது பசித்தது. மனைவி கொடுத்துவிட்ட மீன் குழம்பு பையில் இருந்தது. நாளையிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்துச் சாப்பிட்டேன். மறுநாள் முழங்காலிடவே இல்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டுத் துணி மூட்டைமேல் சாய்ந்து தூங்கினேன். கதவை மட்டும் ஒவ்வொரு நாளும் மறக்காமல் சாத்தினேன்.

வெள்ளிக்கிழமை வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவருடைய டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை.

“முடிஞ்சுதுங்களா சார்?” என்றார்.

“முடிஞ்சுதுக்கா” என்றேன்.

பக்கத்து மேஜைப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். “நாலு நாளா அக்கா மத்தியானம் சாப்படறதே இல்லீங்க சார். ‘எம்பட ஊட்டுக்காரருக்காக அவரு உள்ள பட்டினி கெடக்கறாரு, நான் எப்படித் திங்கறது’ன்னு உக்காந்துக்கறாங்க.”

அதைக் கேட்ட பிறகாவது நான் திருந்தியிருக்க வேண்டும். சனிக்கிழமையும் உள்ளே போனேன். அன்றைக்கும் சாப்பிட்டேன். வாசம் செக்கிங் பக்கம் போகாமல் இருக்க எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் உலகம் பெரிதாக நினைக்கக்கூடியவை வேறு இருக்கலாம். அந்த ஃபேன் சுவிட்சைத் தட்டிய விரல்தான் எனக்குக் கூசுகிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது கை மட்டும் பலவீனம், பழகப் பழகச் சரியாகும் என்றார்களாம். ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அக்கா, நேராக என்னிடம் வந்து, எல்லோரும் பார்க்க, “நீங்க பட்டினி கெடந்து கேட்டதுதானுங்க அவரக் காப்பாத்துச்சு” என்றார். “எல்லாம் கர்த்தருடைய கிருபை” என்றேன். நாக்கு தடுமாறவே இல்லை.

அடுத்த ஞாயிறு சபையில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்க என்னை எழுப்பினார்கள். வழக்கமான வாக்கியங்கள் வந்தன. “உபவாசித்து ஜெபிக்கிற உம்முடைய பிள்ளைகள்” என்று சொன்னதும் வாக்கியம் பாதியில் நின்றது. மேலே ஒரு சொல் வரவில்லை. ஆவியானவர் என்னை அசைக்கிறார் என்று நினைத்து யாரோ பின்னாலிருந்து அல்லேலூயா சொன்னார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை, டீ நேரத்தில், அக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மீன் குழம்பு, தூக்கம், ஃபேன், எதையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதாலும் தாங்கியிருப்பேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

“சாப்படறதுக்கு ஏனுங்க சார் கதவச் சாத்துனீங்க? வெளியவே உக்காந்து தின்னிருக்கலாமுங்களே. நானும் தின்னிருப்பேன்.”

அவர் மேஜைக்குப் போய்விட்டார். அதன் பிறகு வேலையைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை.

மறுநாள் விடியற்காலையில் வீட்டு மொட்டை மாடியில் முழங்காலிட்டேன். முட்டி வலித்தது. வாயைத் திறந்தால் சபையில் பேசுகிற அதே வாக்கியங்கள் வந்தன. அவற்றைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். பல நாட்கள் அப்படித்தான் போயின. சும்மா முழங்காலில் நின்றுவிட்டு இறங்கி வந்தேன். பழைய கண்ணீர் வரவில்லை. தலையில் கை பட்டதுபோலவும் இல்லை. ஆனால் போவதை நிறுத்தவில்லை. சபையில் முன்னால் நின்று ஜெபிப்பதிலிருந்து கொஞ்ச காலம் என்னை விட்டுவிடும்படி போதகரிடம் காரணத்தோடு சொன்னேன்.

போன மாதம் அக்கா தானாகவே என் மேஜைக்கு வந்தார்.

“நாளைக்கு அவருக்கு மறுபடி ஸ்கேனுங்க. ஜெபம் பண்றதா இருந்தாச் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

உடனே பதில் சொல்லப் பயமாக இருந்தது. “காலையில பண்ணுதேன்க்கா” என்றேன். பிறகுதான் அது உறைத்தது. “அவரு பேரு என்னக்கா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு வாரம் முழுக்க, யாருக்காக ஜெபிக்கிறேன் என்று சொன்னேனோ அந்த மனிதனின் பேர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. புருஷன் பேரை வாயால் சொல்லிப் பழகாதவர் அவர். என் பேனாவை வாங்கி, செக்கிங் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியுமுன் அந்தச் சீட்டோடு மாடிக்குப் போனேன். வேறு வார்த்தை எதுவும் வரவில்லை. அந்தப் பேரை மட்டும், கிழக்கு வெளுக்கும்வரை, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.