பதினேழு வருஷத்து விதை

புவனகிரி விதைக் கிடங்கில் சுப்புராயனுக்கு ஒரு வேலை: நூறு நெல்லை எண்ணி ஈரக் கோணியில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தது என்று பார்ப்பது. எந்த மூட்டை தேறும், எது தேறாது என்று சொல்வதில் மனுஷர் கில்லாடி. தன் வாயில் எது முளைக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த வாயால் வந்ததுதான் வினை. மகள் ராஜாமணிக்குக் காது குத்திய அன்று, கடலூரிலிருந்து வர வேண்டிய தாய்மாமன் ராமாமிர்தத்தின் பஸ் வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று சுப்புராயன் குழந்தையைத் தன் மடியிலேயே வைத்துக் காது குத்தச் செய்துவிட்டார். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற மச்சானிடம் வருத்தமாவது சொன்னாரா? "நேரத்துக்கு வரத் தெரியாதவருக்கு மடி எதுக்கு?" என்றார். அதோடு பதினேழு வருஷம் பேச்சில்லை.

இப்போது, 1964-ல், ராஜாமணிக்குக் கல்யாணம். "எங்கண்ணன் வராம பந்தக்கால் நடக் கூடாது" என்று ஒரே பிடியாக நின்றாள் மனைவி பொன்னி.

பத்திரிகை வைக்கச் சிதம்பரம் போன சுப்புராயன், கூட்டத்தைப் பார்த்து ஒரு பிக்குவின் பேச்சுக்குள் நுழைந்தார். கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனம். அதற்கும் கீழே ‘நான், நான்’ என்று முண்டும் நினைப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கிடங்கு. செய்ததும் சொன்னதும் அங்கே விதையாகக் கிடக்கும், நாம் நனைப்பதுதான் முளைக்கும் என்றார் பிக்கு.

நம்ம கிடங்கையல்லவா சொல்கிறார்! சுப்புராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து கேட்டார். "நல்ல வெதைதான், பதினேழு வருஷமா கெடக்குது. முளைக்குமா சாமி?"

"நனைத்துப் பார்த்தீர்களா?" என்றார் பிக்கு.

மறுநாளே கடலூர். கதவைத் திறந்த ராமாமிர்தம், "இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்றார். சுருக்கென்று ஒரு பதில் சுப்புராயனின் நாக்கு நுனிக்கு வந்தது. ஆகா, இது அந்தப் பொல்லாத விதை என்று கண்டுகொண்டார். நனைக்காமல் சும்மா நின்றார். அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழுந்தது. முன்பொரு நாள் வெள்ளாற்றில் தான் முங்கியபோது, தன் குடுமியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்த இதே மச்சானின் கை.

"தப்பு என்னுதுதான் மச்சான். அன்னிக்குக் குடுமியப் புடிச்சுக் காப்பாத்தினீங்க. இப்ப அதுவும் இல்ல. எதைப் புடிச்சு இழுப்பீங்களோ, நீங்கதான் பாத்துக்கணும்."

அந்த வழுக்கையைப் பார்த்த ராமாமிர்தம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் வாசற்படியிலேயே சிரித்துக்கொண்டு அழுதார்கள்.

கல்யாணத்தன்று மாலையோடு வந்த தாய்மாமன், பந்தலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டினார்.

"வாம்மா ராஜாமணி, ஒக்காரு. மாமன் பஸ்ஸு இப்பத்தான் வந்து சேந்துச்சு."

பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு கல்யாணப்பெண் அவர் மடியில் உட்கார்ந்தாள்.