ஞானாபரணத்தின் ஸ்தோத்திரம்

இன்ஜினை உறுமவிட்டதும் ஞானாபரணம் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிரேக்குக்குக் காற்று ஏறி, காற்றழுத்தம் காட்டும் முள் மேலே வரும்வரை ஜெபம். நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றிப்போகும் லாரி அது. மாற்று டிரைவர் மணியன் பக்கத்தில் வெற்றிலை மென்றபடி காத்திருப்பார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தது அவர்தான். "என் சாமிகிட்ட நான் சொல்லியாச்சுங்க. இனி அவரு சொல்லி முடிக்கோணும், வண்டி நகரோணும்" என்பார்.

ஞானாபரணத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வெள்ளைச் சட்டைதான் போடுவார். கிரீஸ் பட்டால் அன்றைக்கே துவைத்து, சீட்டுக்குப் பின்னால் கொடிகட்டிக் காயப்போடுவார். ஒரு காலத்தில் பாட்டில் இல்லாமல் வண்டி எடுக்கமாட்டார் என்று பெயர் வாங்கியவர். ஞானஸ்நானம் எடுத்த அன்றே அதைத் தலைமுழுகினார். பீடி போனது. சாலையோர இருட்டில் கைகாட்டிக் கூப்பிடும் இடங்களில் வண்டியை ஓரங்கட்டுவதும் போனது. இதில் மணியனுக்குப் பொறாமையே உண்டு. "நானும் மாசாமாசம் குடிய உடறனுங்க. இந்த மனுசன் ஒருக்காத்தான் உட்டாரு."

வாய் மட்டும் அடங்கவில்லை. முட்டை லோடில் திடீர் பிரேக் அடித்தால் பின்னால் தட்டுத் தட்டாக நொறுங்கும். குறுக்கே பாய்ந்தவனின் பரம்பரையையே இழுத்துவிட்டுத்தான் ஓய்வார். கடைசியில், கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் ஒரு நல்ல வார்த்தையை வைத்துவிடுவது என்று முடிவுகட்டினார். வைத்தது, கர்த்தரைத் துதிக்கும் சொல்லை. யாராவது குறுக்கே வந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கழுத்து நரம்பு புடைக்க, "ஸ்தோத்திரம்டா!" என்று கத்துவார்.

கேட்டவனுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் தொனி புரியுமே. கரூர்ப் பக்கம் ஒரு டெம்போக்காரன் வண்டியை மறித்து நிறுத்திவிட்டு, "யாரப் பாத்துடா ஸ்தோத்திரங்கற?" என்று சட்டையைப் பிடித்துவிட்டான். மணியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஞானாபரணத்துக்கும் சிரிப்புதான். நாக்கு சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நிம்மதியாக வீடு திரும்பினார்.

அடுத்த ஞாயிறு சபையில் எல்லோரும் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார்கள். இவரும் வாயைத் திறந்தார். டெம்போக்காரனின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. சொல்லாமலே வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "வார்த்தைய மாத்துனேன் எஸ்தரு, ஆத்தரத்த மாத்துலியே. ஆண்டவருக்குன்னு இருந்த ஒரு வார்த்தையவும் அழுக்காக்கிப்போட்டேன்" என்று மனைவியிடம் அழுதார். குடியை விட்டபோதுகூட மனிதர் அழவில்லை. எஸ்தருக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அழுக்கானா தொவைக்கறதுதானுங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

அதன்பின் அந்தச் சொல்லை அவர் வண்டியில் வாயிலெடுக்கவில்லை. சபையிலும் உதட்டை மூடிக்கொண்டு கையை மட்டும் உயர்த்தினார். ஆத்திரம் வந்து, அதை ஜெயித்த வாயால்தான் இனி சொல்வது என்று ஒரு வைராக்கியம். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் வேறு. இப்படிப்பட்ட பிடிவாதத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

போன வாரம் பரமத்தி வேலூருக்குச் சற்று முன்னால் ஒரு தனியார் பஸ் வலப்புறமாக முந்திக்கொண்டு வந்தது. நிறுத்தத்தில் ஆட்களைக் கண்டதும் லாரிக்கு முன்னால் ஒடித்துத் திரும்பிக் குறுக்காக நின்றது. ஞானாபரணம் பிரேக்கை மிதித்தார். பின்னால் தட்டுகள் சரியும் சத்தம். மணியனுக்கே பொறுக்கவில்லை. "ஏனுங்கண்ணா, பழசுலயே ரெண்டு உட்டுப்போடுங்க! இதுக்கெல்லாம் ஆண்டவரு கோவிச்சுக்க மாட்டாரு."

ஞானாபரணத்தின் தலை ஜன்னலுக்கு வெளியே போயிருந்தது. நரம்பு புடைத்திருந்தது. கையெட்டும் தூரத்தில் பஸ்ஸின் பின்படி. அதில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், உள்ளே போக இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்து, வரப்போகும் வசவுக்காக அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு அவர் வலது கையை வெளியே நீட்டி, 'முதலில் நீ போ' என்று பஸ்ஸுக்கு மெல்ல வீசிக் காட்டினார். பஸ் நகர்ந்தது. நீட்டிய கையை உள்ளே இழுக்காமல் அப்படியே மேலே உயர்த்தி, மணியனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"ஸ்தோத்திரம்."